யூரின் கல்ச்சரில் இத்தனை மருந்துக்கு 'எஸ்' இருக்க, டாக்டர் ஏன் பழைய மாத்திரையை எழுதினார்?

#1 கணக்கப்பிள்ளை

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. நிமிடத்துக்கு நிமிடம் போக வேண்டும் போலிருக்கிறது, போனால் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு வருகிறது. காய்ச்சல், குளிர், முதுகுவலி எதுவும் இல்லை. வயது 58. யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்தோம். ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கிறது. அதற்குக் கீழே மருந்துப் பட்டியல் ('எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது):

ஆம்பிசிலின் – ஆர் – 32
கோட்ரைமாக்சசோல் – ஆர்
சிப்ரோஃப்ளாக்சசின் – எஸ் – 0.25
மெரோபெனம் – எஸ் – 0.25
நைட்ரோஃபுரான்டாயின் – எஸ் – 16

டாக்டர் எழுதியது நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம், காலை, இரவு, 5 நாள். எண் குறைவாக இருந்தால் கொஞ்சம் மருந்திலேயே கிருமி அடங்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படியானால் 0.25 எங்கே, 16 எங்கே? இருப்பதிலேயே சுமாரான மருந்தைக் கொடுத்துவிட்டாரா? அம்மா வேறு, "போன தடவை போட்டேனே, சிப்ரோ, அது ஒரே நாளில் கேட்டது, அதையே வாங்கிட்டு வா" என்கிறார்.

#2 நுண்ணோக்கி

லேபில் கிருமி வளர்க்கும் தட்டுகளைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த எண்களை வரிக்கு வரி ஒப்பிடவே கூடாது. ஒருவரின் உயரத்தையும் இன்னொருவரின் ரத்த அழுத்தத்தையும் வைத்து யார் பெரியவர் என்று கேட்கிற மாதிரி அது.

எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். உங்கள் அம்மாவின் சிறுநீரில் ஒரு மைக்ரோலிட்டர் பிடிக்கும் வளையத்தை முக்கி, தட்டில் இழுத்து, 35–37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். மறுநாள் காலை தட்டில் 100 புள்ளி முளைத்திருந்தால் மில்லிக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. அதிலிருந்து ஒரு புள்ளியைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு மருந்தும் இரட்டிப்பாகப் போகும் குழிகளில் (0.25, 0.5, 1, 2, 4 என்று) விடுவோம். எந்தக் குழியில் முதன்முதலாகக் கலங்கல் இல்லாமல் தெளிவாக நிற்கிறதோ அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண். எம்.ஐ.சி. என்பார்கள்.

ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லைக்கோடு. சிப்ரோவுக்கு 0.25 வரைதான் எஸ், அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் அது எல்லையிலேயே நிற்கிறது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32 வரை எஸ், 16 என்பது உள்ளே. இந்த மருந்து ரத்தத்தில் பெரிதாகத் தங்காது, சிறுநீரகம் வடித்து நேராகச் சிறுநீரில் கொட்டிவிடும். அங்கே அதன் செறிவு 16ஐத் தாண்டி வெகுதூரம் போகும். கிருமி இருப்பதும் அங்கேதான்.

இன்னொன்று. சாதாரண நீர்க்கடுப்பு ரிப்போர்ட்டில் மெரோபெனம் வரியையே அச்சிடக்கூடாது என்பது என் கட்சி. ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து அது. அதைப் பட்டியலில் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் "அதைக் கொடுக்கலாமே" என்றுதான் தோன்றும்.

#3 மருந்தாளன்

நுண்ணோக்கி அண்ணன் சொன்னது சரி. கணக்கப்பிள்ளை, மாத்திரை பற்றி மட்டும் சில விஷயம்.

சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உடம்பில் சேர்வதும் குறையும். சிறுநீர் அடர் மஞ்சளாக, சில சமயம் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து எவ்வளவு காலமாயிற்று? சிறுநீரகம் நன்றாக வடிகட்டாதவர்களுக்கு இந்த மருந்து சிறுநீரில் போதுமான அளவு சேராது, பக்கவிளைவுதான் மிஞ்சும். ஜி6பிடி என்ற நொதி ரத்தச் சிவப்பணுக்களில் குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது.

முக்கியமானது: நடுவில் குளிர் காய்ச்சலோ, விலாவுக்குப் பின்னால் வலியோ, வாந்தியோ வந்தால் "கோர்ஸ் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இந்த மருந்து சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போகாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

#4 கணக்கப்பிள்ளை

நன்றி மருந்தாளன், நுண்ணோக்கி சார். கிரியேட்டினின் போன மாதம் பார்த்தது, நார்மல். சிப்ரோ விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. போன தடவை கேட்டது உண்மைதானே?

#5 வெள்ளைக்கோட்டு

போன தடவை எப்போது? மூன்று மாதத்துக்குள் என்றால் அதுவே சிப்ரோவைத் தவிர்க்கக் காரணம். அண்மையில் ஒரு ஆன்டிபயாடிக் எடுத்தவரின் குடலில், அந்த மருந்துக்கு மசியாத ஈ.கோலைகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். நீர்க்கடுப்பு உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் சொந்தக் குடலிலிருந்துதான் வருகிறது.

சிப்ரோ, லெவோஃப்ளாக்சசின் வகையறா நல்ல மருந்துகள். சிறுநீரகத் தொற்று போன்றவற்றில் நானும் எழுதுகிறேன். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு, 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கூடுதலாக. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இலேயே அதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது. 2016இல் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இவை வேண்டாம் என்றது. கை கால் மதமதப்பு, சர்க்கரை ஏற்ற இறக்கம் இவையும் உண்டு.

நைட்ரோஃபுரான்டாயின் 1953இல் வந்தது. இத்தனை வருஷமாகியும் ஈ.கோலை அதற்குப் பெரிதாக எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவில்லை. ஒரே சமயத்தில் கிருமியின் பல இடங்களைத் தாக்குவது ஒரு காரணம். எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது, புரோட்டியஸ் என்ற கிருமி இயற்கையாகவே இதற்கு அடங்காது. உங்கள் அம்மாவுக்கு வந்தது ஈ.கோலை, எழுதியது சரியான மருந்து. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

#6 குடைக்காரன்

படித்தவர்கள் பேசும் இடத்தில் நடுவே வருகிறேன். எங்கள் வீட்டில் சளி, இருமல் என்றால் அசித்ரோமைசின் 500, மூன்று நாள். மூன்றாம் நாள் எழுந்து நடமாடிவிடுவோம். அமாக்சிசிலின் எல்லாம் இந்தக் காலத்தில் யாருக்குக் கேட்கிறது? ஹை பவர் போட்டால்தான் வேலைக்காகும். சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

#7 வெள்ளைக்கோட்டு

குடைக்காரன், மருந்து போடாமலிருந்தாலும் அந்த மூன்றாம் நாள் வந்திருக்கும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. பச்சை நிறம் பாக்டீரியாவின் நிறமல்ல, சண்டைக்கு வந்த நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் பச்சையாகத்தான் வரும். மார்ச்சளி இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது வழக்கம். ஐந்தாம் நாள் "இன்னும் விடவில்லையே" என்று வருபவர்களுக்கு இதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

இந்த 'ஹை பவர்' பேச்சைத்தான் விட வேண்டும். எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம், யாருடைய உடம்பு, இந்த மூன்றையும் பார்த்துத்தான் மருந்து. தொண்டையில் சீழ் வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் இருக்கிறதே, அதற்கு இன்றும் பென்சிலினும் அமாக்சிசிலினும்தான் முதல் மருந்து. ஃபிளெமிங் 1928இல் கண்டுபிடித்த அதே பென்சிலின். நீங்கள் சொல்லும் அசித்ரோமைசினுக்கோ அதே கிருமியில் எதிர்ப்பு வந்துவிட்டது.

மாறாக, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்கு அமாக்சிசிலினை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. பென்சிலின் குடும்பம் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. அங்கே டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தேவை. இதில் எது ஹை பவர், எது லோ பவர்?

#8 ஆழிமகள்

தொண்டை என்றதும் கேட்கிறேன் டாக்டர். மகளுக்கு 7 வயது. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இருமல் இல்லை. ஸ்வாப் டெஸ்ட் பாசிட்டிவ். அமாக்சிசிலின் சிரப் 10 நாள் எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடி விளையாடுகிறாள். மாமியார் "போதும் நிறுத்து, குழந்தை உடம்பு" என்கிறார். மேலே கணக்கப்பிள்ளையின் அம்மாவுக்கு 5 நாள், என் மகளுக்கு 10 நாள். எதற்கு இந்த வித்தியாசம்?

#9 வெள்ளைக்கோட்டு

நீங்கள் சொன்ன நாலும்தான் (காய்ச்சல், வெள்ளைத் திட்டு, முன்கழுத்து நெறி, இருமல் இல்லாமை) நாங்கள் மதிப்பெண் போட்டுப் பார்ப்பவை. பிள்ளைகளின் தொண்டைவலியில் நாலில் ஒன்று போலத்தான் ஸ்ட்ரெப். மற்றவை பெரும்பாலும் வைரஸ். உங்கள் மகளுக்கு டெஸ்டும் பார்த்துவிட்டார்கள், நல்லது.

10 நாள் எதற்கு? தொண்டை மருந்தில்லாமலேயே ஆறிவிடக்கூடியது. பயம் ருமாட்டிக் காய்ச்சல்தான். இந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் படை, சில வாரம் கழித்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கிவிடும். கிருமியைத் தொண்டையிலிருந்து துடைத்தெடுத்தால் அதைத் தடுக்கலாம். 10 நாள் அதற்கான கணக்கு. பாட்டியிடம் இதயம் என்று சொல்லுங்கள், அவரே ஊற்றிக் கொடுப்பார்.

#10 மருந்தாளன்

ஆழிமகள் அக்கா, சிரப்பை அளவுக்குழாயில் கொடுங்கள், வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மருந்துமாகப் போகும். கலக்கிய பின் எத்தனை நாள் தாங்கும் என்று பாட்டிலில் இருக்கும். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த சிரப் என்றால் கட்டாயம் ஃபிரிட்ஜ்.

#11 குடைக்காரன்

சரி, சளி விஷயத்தில் டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆனால் இந்தக் 'கோர்ஸை முடி' என்பதே ஆதாரமில்லாதது என்று டாக்டர்களே எழுதியதாகச் செய்தி பார்த்தேன். முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும் என்று இத்தனை காலம் பயமுறுத்தினீர்களே?

#12 நுண்ணோக்கி

நல்ல கேள்வி, இந்தத் தடவை குடைக்காரன் பக்கம் நியாயம் இருக்கிறது. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. அதன் சாரம் இது: குறைவாக எடுப்பதால் எதிர்ப்பு வருகிறது என்பதற்குப் பெரும்பாலான சாதாரணத் தொற்றுகளில் ஆதாரம் இல்லை. தேவைக்கு மேல் எடுப்பதுதான் எதிர்ப்பை வளர்க்கிறது.

ஃபிளெமிங் 1945 நோபல் உரையில், போதாத அளவு மருந்து கொடுத்துக் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அந்தப் பயம் காசநோயில் உண்மையாகவே நடந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தபோதும், பாதியில் நிறுத்தியபோதும் நோய்க்கிருமியே மாறிக்கொண்டது. அதனால்தான் காசநோய்க்கு நாலு மருந்தில் ஆரம்பித்து 6 மாதம். அதில் ஒரு நாளும் தவறக்கூடாது.

ஆனால் ஈ.கோலை, ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்றவற்றின் கதை வேறு. இவை நம் குடலிலும் தோலிலும் சும்மா குடியிருப்பவை. சளிக்கு என்று நீங்கள் போட்ட மாத்திரை குடலில் உள்ள அப்பாவிக் கிருமிகளைத்தான் அதிகம் கொல்கிறது. தப்பியவை எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கு பிளாஸ்மிட் என்ற சின்ன வளையமாகக் கடத்திக் கொடுக்கும், இனம் மாறிக்கூட. கணக்கப்பிள்ளை அம்மாவின் ரிப்போர்ட்டில் ஆம்பிசிலினுக்கு 'ஆர்' பார்த்தீர்களா? ஈ.கோலையில் அதற்கு வழக்கமான காரணம், மருந்தை வெட்டிப்போடும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி. அந்த நொதிக்கான மரபணு இப்படித்தான் ஊர் சுற்றுகிறது. ஒவ்வொரு கூடுதல் நாளும் இந்தச் சந்தைக்கு இன்னொரு நாள்.

#13 வெள்ளைக்கோட்டு

நுண்ணோக்கி சொல்வதில் தப்பில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு "நன்றாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்று வந்து நிற்பவர்களைப் பார்ப்பவன் நான். நாள் குறைக்கலாம் என்பதற்கு ஆதாரம் வந்தது நோய்வாரியாக, சோதனை செய்து. நோயாளி தன் இஷ்டத்துக்கு நிறுத்தலாம் என்பதற்கல்ல.

நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், ஃபாஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் ஒரே ஒரு வேளை. ஆஸ்பத்திரி தேவைப்படாத நிமோனியா, இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிட்டால் 5 நாள் போதும். முன்பு 10 எழுதினோம். தோல் சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸுக்கும் பெரும்பாலும் 5. கட்டியாகச் சீழ் பிடித்துவிட்டால் மாத்திரை இரண்டாம் பட்சம், கீறி வெளியேற்றுவதுதான் வைத்தியம். வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு 14 நாள், அதுவும் மூன்று நாலு மருந்து சேர்த்து. (வயிற்று அமிலத்தில் பாக்டீரியா வாழாது என்று மருத்துவ உலகமே சாதித்தபோது, பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு நோபல். வீட்டில் முயல வேண்டாம்.) ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் கலந்துவிட்டால் குறைந்தது 14 நாள், நரம்பு வழியாக.

ஆகவே என் பதில்: மாத்திரை எழுதும்போதே "எத்தனை நாள், ஏன் அத்தனை நாள், முன்னாலேயே நிறுத்தலாமா" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் டாக்டர் இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள்.

#14 குடைக்காரன்

ஒரு நாள் கூடப் போனால் என்ன, வைட்டமின் மாதிரி எடுத்துக்கொள்வோமே என்றுதான் நினைத்திருந்தேன்.

#15 வெள்ளைக்கோட்டு

குடலைக் காலி செய்தால் அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஒருத்தர் வந்து உட்காருவார். சாதாரண வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, முதியவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து நிறுத்தி வாரங்கள் கழித்துக்கூட வரும். ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் போக்கை நிறுத்தும் மாத்திரை போட்டு அமுக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

#16 தூறல்

இழையை முழுக்கப் படித்தேன். எனக்குச் சின்ன வயதில் பென்சிலின் அலர்ஜி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடம்பில் தடிப்பு வந்ததாம், அம்மாவுக்கும் சரியாக நினைவில்லை. அதனால் எதற்கும் எனக்கு வேறு மருந்துதான். இது வாழ்நாள் முழுக்கவா?

#17 வெள்ளைக்கோட்டு

பெரும்பாலும் இல்லை. இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. நிஜமாகவே அலர்ஜி இருந்தவர்களில்கூட, 10 வருஷத்தில் எண்பது சதவீதம் பேருக்கு அது போய்விடுகிறது. சின்ன வயதுத் தடிப்பு பலருக்கு அந்த வைரஸ் காய்ச்சலின் தடிப்பாகவே இருந்திருக்கும். எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து கிளம்பும், அது பென்சிலின் அலர்ஜி ஆகாது.

ஆனால் நீங்களாகச் சோதித்துப் பார்க்கும் காரியமல்ல. மருந்து போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உதடு, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா, தோல் கொப்பளித்து உரிந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். தோல் உரிந்திருந்தால் மறுபடி அந்தப் பக்கமே போகக்கூடாது. மற்றபடி அலர்ஜி மருத்துவர் தோல் சோதனையும், கண்காணிப்பில் ஒரு டோஸும் கொடுத்துச் சொல்லிவிடுவார். முத்திரையை நீக்கினால் லாபம் உங்களுக்குத்தான். அலர்ஜி என்று எழுதியிருப்பவர்களுக்குத்தான் தேவையில்லாமல் அகன்ற வீச்சு மருந்துகள் (பல வகைக் கிருமிகளை ஒன்றாகத் தாக்குபவை) போகின்றன.

#18 மருந்தாளன்

கவுன்டரில் அதிகம் பார்க்கும் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். டாக்சிசைக்ளினைப் படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், அமிலத்துக்கான ஜெல் இவற்றோடு சேர்த்துப் போட்டால் டாக்சியும் சிப்ரோவும் அவற்றோடு பிணைந்து, ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். "மருந்து கேட்கவில்லை" என்று வருபவரிடம் கூட என்ன போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மெட்ரோநிடசோல் வாயில் உலோகச் சுவை தரும், அது இயல்பு. அதோடு மது வேண்டாம்.

மிச்சமான பட்டையை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தடவை கிருமி வேறாக இருக்கும்.

#19 கணக்கப்பிள்ளை

அம்மாவுக்கு இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டது, 5 நாளும் முடித்தார். சிறுநீர் நிறத்தைப் பார்த்து ஒரு சின்ன கலவரம், மருந்தாளன் சொன்னதைக் காட்டினேன். மறுபடி கல்ச்சர் வேண்டாம் என்றார் டாக்டர்.

கடைசியாக ஒன்று. மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லை, வாடை அடிக்கிறது என்று அவராகவே கல்ச்சர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். 'கலப்பு வளர்ச்சி, மூன்று வகைக்கு மேல்' என்று ரிப்போர்ட். மருந்து வேண்டுமா?

#20 நுண்ணோக்கி

அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம், பாட்டிலுக்குள் தோல் கிருமிகள் விழுந்துவிட்டன என்பதுதான் பெரும்பாலும். ஒரே கிருமி லட்சக்கணக்கில் வந்திருந்தால்கூட, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவருக்கு மருந்து தேவையில்லை. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள் பலருக்குச் சிறுநீரில் பாக்டீரியா சும்மா இருக்கும். விதிவிலக்கு கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதையில் அறுவை நடக்கப் போகிறவர்கள். வாடைக்குத் தண்ணீர் குறைவாகக் குடிப்பதே காரணமாக இருக்கலாம்.

எப்போதாவது நிஜமாகவே கல்ச்சர் தேவைப்பட்டால் இப்படி எடுக்கச் சொல்லுங்கள்: கழுவிவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதை நேராக லேப் கொடுத்த பாட்டிலில் பிடிக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தை விரல் தொடக்கூடாது. ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்னால் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே வைத்தால் நாலைந்து கிருமி லட்சமாகப் பெருகி நிற்கும், அதைப் பார்த்து நானும் எஸ், ஆர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவேன்.